ஞானமேரி டீச்சரும் நாற்பத்து மூன்று புளி மூட்டையும்

ஞானமேரி பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையை மூன்று தடவை எழுதியவள். முதல் தடவை பதினெட்டு மார்க், அடுத்த தடவை இருபத்தொன்பது. "போதும்டி தாயே, அது உனக்கு வராது, வுட்டுத் தொலை" என்று அவளுடைய அப்பா அல்போன்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "வராதுன்னு அது வந்து சொல்லட்டும், நீங்க ஏன் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரிக்கு நடந்தே போய் மூன்றாம் தடவை எழுதி, நாற்பத்து நான்கு வாங்கிய பிறகுதான் ஓய்ந்தாள். இப்படிப்பட்ட பெண்ணிடம் போய் வம்பு வளர்த்தாரே பச்சியப்பன், அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்த ஊர் பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஐந்து மைல். மழையை நம்பிய காடு, கேழ்வரகு, அவரை, அதை விட்டால் புளியமரம். புருஷன் சவரிராயன் அந்த ஊரின் பெரிய காட்டுக்காரர் பச்சியப்பனிடம் டிராக்டர் ஓட்டினான். நல்லவன்தான். யாராவது கொஞ்சம் உரத்துப் பேசினால் தரையைப் பார்ப்பான், இன்னும் உரத்துப் பேசினால் "சரிங்க" என்பான். பெண்டாட்டி உரத்துப் பேசினாலும் அதே சரிதான். அதனால் குடும்பம் பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது.

எண்பத்திரண்டில் ஊருக்குப் பால்வாடி வந்தபோது இடம் கொடுத்தவர் பச்சியப்பனின் அப்பா தர்மன். ரோட்டோரத்தில் மூன்று சென்ட். ஊர்ப் பிள்ளைகள் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். மாசி, பங்குனியில் அவருடைய களத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுவார்கள். தடியால் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுக்கிற வேலை. பிள்ளையை விட்டுவர இடமில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்துவிடுவார்கள். சுத்தம் செய்த புளியில் தண்ணீர் பட்டால் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அதெல்லாம் பிள்ளைக்குத் தெரியுமா? ஒரு வருஷம் இரண்டு வயசுப் பொடியன் ஒருவன் புளிக் குவியலின் உச்சியில் ஏறி நின்று நிதானமாக ஒன்றுக்குப் போனான். மறுவாரமே தர்மன் ஆபீசுக்குப் போய் இடத்தை எழுதி வைத்துவிட்டு வந்தார்.

கட்டிடம் எழும்பியது. தளம் போட்ட ஒரே ஒரு அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. டீச்சர் ஞானமேரி, சமைக்கிற ஆயா குள்ளம்மாள், இரண்டு வயசிலிருந்து ஐந்து வயசுக்குள் முப்பத்தொரு பிள்ளைகள்.

தினம் காலை எட்டரைக்கு ஞானமேரி ஒரு கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. முடிச்சை விட்டவருக்கு அன்றைக்குப் பாட்டுப் பாடும்போது கை தட்டக் கிடையாது. தண்டனை அவ்வளவுதான், ஆனால் அதற்கே நடுங்கினார்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் எந்த வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்கமாட்டாள். "எங்கூட்டுப் புள்ளைய முன்னாடி வுடுங்க டீச்சர்" என்று ஒருத்தி கேட்டதற்கு, "முன்னாடி வேணும்னா முன்னாடி எந்திரிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தர்மன் காலமானார். அப்பா இடம் கொடுத்தது பச்சியப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, எதற்காகக் கொடுத்தார் என்பது மட்டும் மறந்துபோனது. ஒரு வருஷம் "ரெண்டே நாளு டீச்சரம்மா" என்று நாலு மூட்டைப் புளியை அறையின் மூலையில் போட்டார். அடுத்த வருஷம் பத்து மூட்டை, ஒரு மாசம். ஞானமேரி முணுமுணுத்தாள். "போவுது வுடு மேரி" என்றான் சவரிராயன். விட்டாள். தான் செய்த தப்பு அதுதான் என்று அவளே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள்.

எண்பத்தாறு பங்குனியில் புளி காய்த்துத் தள்ளியது. விலை படுத்துவிட்டது. ஆடி வரைக்கும் வைத்திருந்து விற்கலாம் என்று பச்சியப்பன் கணக்குப் போட்டார். வைக்க இடம் வேண்டுமே. அவருடைய கொட்டகை கோடை மழைக்கே ஒழுகும். ஒழுகாத தளம் ஊரில் இரண்டுதான், ஒன்று அவர் வீடு, இன்னொன்று பால்வாடி.

அதே வாரம் பால்வாடிக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கட்டிடத்தில் ஒழுங்காக நடக்காத மையங்களை வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை ஆபீசரம்மா நேரில் வந்து பார்ப்பார். பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டு, வெள்ளையடித்த அறையோடு தயாராகக் காத்திருந்தார்கள். அங்கே போனால் போனதுதான். இரண்டு வயசுப் பிள்ளை மூன்று மைல் நடந்து போய்ச் சோறு தின்றுவிட்டுத் திரும்புமா? பாதிப் பிள்ளைகளுக்கு அந்த மத்தியானச் சோறுதான் நாளில் ஒரு முழு வயிறு.

திங்கட்கிழமை கயிறும் பிள்ளைகளுமாக ஞானமேரி வந்தபோது பால்வாடிக் கதவில் உள்ளங்கை அகலப் புதுப் பூட்டு தொங்கியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தரையிலிருந்து தளம் வரைக்கும் புளி மூட்டை. அரிசி டின்னும் பருப்பு டின்னும் அதற்குப் பின்னால் எங்கேயோ.

"அரிசி உள்ள மாட்டிக்கிச்சு டீச்சர்" என்றாள் குள்ளம்மாள். "அடுப்பப் பத்த வச்சுட்டேன். இப்ப எதப் போடறது, என் தலையவா?"

அந்த நேரம் பார்த்துப் பச்சியப்பன் துண்டை உதறிக்கொண்டு ரோட்டில் வந்தார்.

"என்னங்கண்ணா இது?"

"பத்து நாளு பொறுத்துக்கோ டீச்சரம்மா. மரத்தடியில வச்சுக்கோ, புள்ளைங்களுக்கும் காத்தாட இருக்கும்."

"வெள்ளிக்கெழம ஆபீசரம்மா வராங்க. மரத்தடியப் பாத்தா மையத்தையே தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

"வந்தா நான் பேசிக்கறேன். எங்கப்பன் குடுத்த எடம்தானே?"

"சரி, அரிசியாவது எடுத்துக்கறோம். சாவியக் குடுங்க."

"சாவி அர்ச்சுனன்கிட்ட இருக்குது. அவன் தக்காளி ஏத்திக்கிட்டுப் பாலக்கோட்டுக்குப் போயிட்டான்." அர்ச்சுனன் அவருடைய மகன். "சாயந்தரம் வந்துருவான்."

"அது வரைக்கும் புள்ளைங்க?"

"ஒரு நாளைக்கு வூட்ல போய்த் துன்னட்டுமே. என்னமோ கலெக்டர் வூட்டுப் புள்ளைங்களாட்டம் பேசற!"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கலாம். ஞானமேரிக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் போய்த் தின்பதா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மாக்கள் பூராவும் இவருடைய களத்தில்தானே குனிந்துகொண்டு புளி தட்டுகிறார்கள்!

"சரிங்கண்ணா" என்றாள். பச்சியப்பன் திருப்தியாக நடையைக் கட்டினார். அவர் தலை மறைந்ததும் அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் தட்டு எடுத்துக்கிட்டீங்களா? டம்ளர்ல தண்ணி புடிங்க. ததும்பத் ததும்பப் புடிங்க. இப்ப முடிச்சப் புடிங்க."

"எங்க டீச்சர் போறோம்?" என்றாள் குள்ளம்மாள்.

"அம்மாகிட்ட."

அம்மா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முப்பத்தொன்றும் ஓட்டம்தான். ஞானமேரி கயிற்றை இழுக்கவில்லை, கயிறு ஞானமேரியை இழுத்துக்கொண்டு போனது.

களத்தில் ஒரு பக்கம் தட்டாத புளி மலைபோல் கிடந்தது. இன்னொரு பக்கம் சுத்தம் செய்த புளியைப் பாயில் பரப்பியிருந்தார்கள். பிள்ளைகள் நுழைந்ததும் கயிறு கீழே விழுந்தது. ஒன்று அம்மாவின் முதுகில் ஏறியது. இன்னொன்று மாரைத் தேடியது. ஒரு பெண் குழந்தை டம்ளர் தண்ணீரோடு நேராகப் பாயின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. தடிச் சத்தம் நின்று, அழுகைச் சத்தமும் சிரிப்புச் சத்தமும்தான் கேட்டது.

பச்சியப்பன் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, புளி! தண்ணியப் புடுங்கும்மா! யாரு இதுங்கள உள்ள வுட்டது?"

"நான்தாங்கண்ணா. எங்க வூட்ட நீங்க எடுத்துக்கிட்டீங்க. உங்க வூட்டுக்கு நாங்க வந்துட்டோம்."

"ஒன்னுக்குப் போயிருச்சுன்னா மொத்தமும் நாசமாப் போவும்டி!"

"மூணு வயசுப் புள்ளைக்கு எங்க போறதுன்னு தெரியுங்களா? அதுக்குன்னு ஒரு ரூம் இருந்துச்சு. அதுல இப்ப புளி படுத்துக்கிட்டிருக்குது."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பச்சியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. பசி வந்து பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்தபோது வேறு வழியில்லாமல் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். அவர் வீட்டம்மா பெரிய குண்டானில் களியும் கீரையும் கிளறிக் கொடுத்தனுப்பினார். தின்றுவிட்டு, புளியின் பக்கத்திலேயே பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கினார்கள்.

அப்போதுதான் தீர்த்தம்மாள் ஞானமேரியின் காதருகே வந்தாள். அந்தக் களத்தில் வேகமான கை அவளுக்குத்தான், மூன்று பிள்ளைகளும் பால்வாடியில் வளர்ந்தவர்கள். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து மூட்டைய ஏத்திக்கிட்டு வந்து அடுக்குனது உங்க வூட்டுக்காரருதான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு டயர் பஞ்சர் என்று சொல்லியிருந்தான். தவக்காலத்தில், பூசை நேரத்தில், பெண்டாட்டி கோயிலில் முழங்காலில் இருக்கும்போது, அவள் அறைக்குள் மூட்டை அடுக்கியிருக்கிறான்! ஊரே எதிர்த்து நின்றாலும் அவளுக்கு இப்படி வலித்திருக்காது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சோறு போடறவரு சொன்னா செய்யணும் மேரி."

"உனக்கு அவரு போடறாரு. அந்தப் புள்ளைங்களுக்கு யாரு போடுவா?"

"மொறச்சுக்கிட்டா நாளைக்கே என்ன நிறுத்திடுவாரு."

"நிறுத்தட்டும். டிராக்டரு ஊரெல்லாம் ஓடுது. பால்வாடி ஒன்னுதான் இருக்குது." சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆத்திரம் வந்தால் அவளுக்கு அழுகைதான் முதலில் வரும், அதனால் அவளை இளைத்தவள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. "பஞ்சருன்னு பொய் சொன்ன பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போனாள்.

மறுநாள் பூட்டு அப்படியே தொங்கியது. குள்ளம்மாளைப் போலவே பச்சியப்பனுக்கும் தெரியும், அரிசியை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற மூட்டையை எல்லாம் இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் தோற்றதாகிவிடுமே! கயிறு மறுபடியும் களத்துக்கு வந்தது. புதன்கிழமையும் வந்தது. மூன்று நாளில் இருபது பெண்கள் செய்தது ஒரு நாள் வேலைகூட இல்லை. தட்டாத புளி ஏறிக்கொண்டே போனது. வேறு ஊர்ப் பெண்களைக் கூட்டிவரச் சொல்லி அர்ச்சுனனை அனுப்பினார். பங்குனியில் எந்த ஊர்ப் பெண்ணுக்குக் கை ஓய்வாக இருக்கிறது? எல்லாக் களத்திலும் புளிதான். அவன் போன வேகத்திலேயே வெறுங்கையோடு திரும்பினான்.

வியாழக்கிழமை காலையில் பச்சியப்பன் பொறுமையிழந்து கத்தினார். "புள்ள வச்சிருக்கறவ எவளும் நாளையிலிருந்து வேலைக்கு வர வேணாம்!"

தடிகள் பாதியில் நின்றன. அந்தக் கூலியை நம்பித்தான் இருபது அடுப்பும் எரிந்தது. தன் பிடிவாதத்துக்கு இவர்கள் வயிற்றில் அடி விழுகிறதே என்று ஞானமேரி முதல் தடவையாகப் பயந்தாள். இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. தோற்றுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

தீர்த்தம்மாள் தடியைக் கீழே வைத்தாள். மடியில் இருந்த புளி ஓட்டை உதறிவிட்டு எழுந்தாள். "நாளையிலிருந்து எதுக்குங்க? இப்பவே போறோம்." அவளுக்கு அடுத்திருந்தவள் எழுந்தாள், அதற்கு அடுத்தவள் எழுந்தாள். பிள்ளையே இல்லாத இரண்டு கிழவிகளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். "நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க?" என்று பச்சியப்பன் அலறினார். "எங்களுக்கு மட்டும் பேச்சுத் தொண வேணாமா?" என்றாள் ஒரு கிழவி.

தட்டாத புளி அத்தனையும் பச்சியப்பனைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஒரு வாரம் இப்படியே விட்டால் புழு விழும். அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவி ஞானமேரியின் காலடியில் வீசினார்.

"எடுத்துக்கிட்டுப் போ!"

அவள் குனியவில்லை. "சாவிய வச்சு நான் என்னங்கண்ணா பண்றது? மூட்டை நடந்தா வெளிய வரும்?"

"இந்தப் பொம்பளைங்கள வச்சுத் தூக்கிப் போடு."

"இவங்க தூக்க மாட்டாங்க. வச்சவங்க எடுக்கட்டும்."

"வச்சது உம் புருஷன்தான்!"

"வைக்கச் சொன்னது யாருங்க?"

"டேய் சவரி!" என்று பச்சியப்பன் திரும்பினார். டிராக்டர் பக்கத்தில் சவரிராயன் நின்றுகொண்டிருந்தான். "வண்டிய எடு. போயி மூட்டைய ஏத்து."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஞானமேரி மட்டும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தால் தன் கண் அவனுக்கு உத்தரவு போட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். இது அவனாகச் சொல்ல வேண்டிய பதில். வழக்கம்போல அவன் தரையைத்தான் பார்த்தான். பிறகு டிராக்டர் சாவியைக் கழற்றிக்கொண்டு வந்து பச்சியப்பன் கையில் வைத்தான்.

"ஞாயித்துக்கெழம தூக்குனது தப்புங்க. இன்னிக்கி என்னால ஆவாதுங்க."

"அப்படின்னா இனிமே என் வூட்டுப் பக்கமே வராத!"

"சரிங்க" என்றான் சவரிராயன்.

வேறென்ன செய்வார்? அர்ச்சுனன் டிராக்டரை ஓட்டிவந்து பால்வாடி முன்னால் நிறுத்தினான். பூட்டைத் திறந்து, அப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூட்டையைத் தூக்கினார்கள். ஊரே ரோட்டில் கூடிவிட்டது. பிள்ளைகளை ஞானமேரி ஓரமாக வரிசையாக உட்காரவைத்தாள். முதல் மூட்டை வெளியே வந்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பொடிசு விரலை நீட்டி "ஒன்னு" என்றது. அடுத்த மூட்டைக்கு நாலைந்து குரல், "ரெண்டு!" பத்தாவது மூட்டை வரும்போது முப்பத்தொரு தொண்டையும் கிழிந்தது. பச்சியப்பனுக்கு வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. "இருபது!" என்று ஒரு கூச்சல். அத்தோடு ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். அடுத்த மூட்டை வாசலைத் தாண்டியதும் மறுபடியும், "ஒன்னு!"

பச்சியப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "எத்தினி தடவதான் ஒன்னு சொல்லுவாங்க?"

"முடியற வரைக்கும் சொல்லுவாங்கண்ணா" என்றாள் ஞானமேரி. "நீங்க தூக்குங்க."

இரண்டு இருபதும் ஒரு மூன்றும் ஆன பிறகுதான் அறை காலியானது. அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகளுக்குத் தங்கள் அரிசியிலேயே சோறு. மூட்டைகள் பச்சியப்பன் வீட்டுக் கூடத்தில் இறங்கின. படுக்க இடமில்லை என்று அவர் வீட்டம்மா போட்ட சத்தம் ரோடு வரை கேட்டது. பெண்கள் அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகுதான் களத்துக்குத் திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. கழுவி விட்ட தரையில் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசரம்மா ஜன்னலைப் பார்த்தார், டின்னைத் திறந்து அரிசியைப் பார்த்தார், பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார். "இங்கேயே நடக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் நேரத்தில், சலவை வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாகப் பச்சியப்பன் உள்ளே நுழைந்தார்.

"வாங்கம்மா, வாங்க. இது எங்கப்பன் குடுத்த எடமுங்க. நாங்கதான் எல்லாம் பாத்துக்கறது."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். சுவரோரத்திலிருந்து ஒரு விரல் நீண்டது. "ஒன்னு" என்றது ஒரு குரல். "ரெண்டு! மூணு! நாலு!" என்று அறை அதிர்ந்தது.

ஆபீசரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடேங்கப்பா, என்னமா எண்ணுறாங்க! நீங்க சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லைங்க மேடம்" என்றாள் ஞானமேரி. "அண்ணன் சொல்லிக்குடுத்தது."

பச்சியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் ரோட்டில் இறங்கி நடக்கும்போது பிள்ளைகள் இருபதை முடித்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். ஞானமேரி அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை.